குவோ யூவைப் பற்றிப் பேச உதவியவர்களுக்கு

அன்புடையீர்,

போன ஞாயிறு நம் வாசகர் வட்டத்தில் பழைய சீனாவின் ஹான் வம்ச அரண்மனை மருத்துவர் குவோ யூவைப் பற்றிப் பேசினேன். கைதட்டல் எனக்குக் கிடைத்தது. அதில் பாதிக்கு மேல் மற்றவர்களுக்குச் சேர வேண்டியது.

முதலில் சீன மொழி ஆசிரியை. பேரரசர் ஹே (ஆட்சி கி.பி. 88–106) குவோ யூவின் நாடி ஞானத்தைச் சோதிக்கத் திரைக்குப் பின்னால் இரண்டு பேரை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு கையை மட்டும் நீட்டச் சொன்னார். இரண்டு பேருமே பெண்கள் என்று நான் எழுதி வைத்திருந்தேன். 'அழகான மணிக்கட்டு' என்று படித்ததால் வந்த வினை! ஒருவர் அரசருக்குப் பிரியமான ஆண் என்று ஆசிரியைதான் திருத்தினார். அது தெரியாவிட்டால் கதையே இல்லை. குவோ யூ தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒன்றில் யின் (பெண்மை), மற்றதில் யாங் (ஆண்மை), ஒரே ஆளின் கைகள் மாதிரி இல்லையே" என்றாராம்.

அடுத்து, தன் ஊசி ஒன்றை என் கையில் கொடுத்த அக்குபங்சர் மருத்துவர். முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், சுண்டினால் துள்ளுகிறது. "கை நடுங்கினா போச்சு சார்" என்றார். குவோ யூவின் சங்கடம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏழைகளைக் குணப்படுத்திய அவருக்குப் பெரிய மனிதர்களிடம் சில சமயம் கை கூடவில்லை. அரசர் ஒரு பிரபுவுக்குப் பழைய துணி உடுத்தி, இடத்தையும் மாற்றி அனுப்பினார். ஒரே ஊசியில் குணம்! காரணம் கேட்டபோது, பெரியவர்கள் மேலே உட்கார்ந்து பார்க்கிறார்கள், நான் பயந்துகொண்டே குத்துகிறேன் என்றார். அவர்கள் தம் இஷ்டப்படிதான் நடப்பார்கள், உடம்பைப் பேணமாட்டார்கள், உழைக்கவும் பிடிக்காது என்றும் அடுக்கினார். அரசரிடமே இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். அக்குபங்சர் மருத்துவர் இதைக் கேட்டுவிட்டு, "இன்னைக்கும் அதேதான்" என்று சிரித்தார்.

அதே பதிலில் ஒரு சொல்விளையாட்டு உண்டு. சீனத்தில் மருத்துவத்துக்கும் எண்ணத்துக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி: 'யீ'. தமிழில் எப்படிச் சொல்வதென்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மெய்ப்புப் பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் 'மருத்துவம் என்றால் மனம்' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். ஐயா, அந்த வரிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம், கடைசி வரிசையில் இருந்த தம்பி. குவோ யூவின் குருவுக்குக் குரு, ஃபூ ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர். அதனாலேயே அவருக்கு 'ஃபூ கிழவர்' என்று பேர். "என்ன மீன் பிடிச்சார்?" என்று கேட்டானே, அவனுக்கும் நன்றி. குவோ யூவின் கதையைச் சொல்லும் பழைய நூலை எழுதியவருக்கு அதைக் குறித்துவைக்கத் தோன்றவில்லை.