வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு

அன்புள்ள டெட்ராய்ட் வட்டாரத் தமிழ் நண்பர்களுக்கும், எங்கள் தெருவாசிகளுக்கும்,

வணக்கம். மூன்று ஆண்டுகளாக என் கராஜில் இரும்புத் தாங்கிகளின்மேல் நின்றிருந்த கிறைஸ்லர் நிறுவனத்தின் 1969 டாட்ஜ் சார்ஜர் கார், சென்ற சனிக்கிழமை சொந்தச் சக்கரங்களில் தெருவில் இறங்கியது. எஞ்சினுக்கும் பெயின்டுக்கும் உதவியவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் சக்கரங்களுக்காக மட்டும். நான்கு வீல்தானே, ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆனது. இடையில் நான் செய்யவிருந்த பிழைகளை "வேண்டாம்" என்று சொல்லித் தடுத்தவர்களுக்குத்தான் இன்று அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

முதலில், 20 அங்குல வீல் வாங்கக் கிளம்பிய என்னை நிறுத்திய நண்பருக்கு. அவர் வாதாடவே இல்லை. அட்டையில் 20 அங்குல வட்டங்களை வெட்டி, வெள்ளியாகத் தெரிய அலுமினியத் தாளைச் சுற்றி, காரின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு, தெருவின் எதிர்ப்பக்கம் வந்து நின்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சார்ஜரின் இடுப்பு வளைவெல்லாம் மறைந்து, நான்கு தட்டுகள் மட்டும் தெரிந்தன. அன்றைக்கே முடிவு செய்தேன்: 15-க்கு 7 அங்குல மேக்னம் 500. எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி உருவாக்கிய ஐந்து ஆரக்கால் வீல் அது. இதோ பக்கத்தில், லான்சிங்கில் இருந்த மோட்டார் வீல் நிறுவனத்தின் படைப்பு. அந்தக் காலத்துக் கிறைஸ்லர், ஃபோர்டு கார்கள் இரண்டிலுமே அதைப் பார்க்கலாம். பளபளவென்று இருந்தாலும் அலட்டிக்கொள்ளாத வீல் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் வீட்டுக்கு வந்து சண்டை போடலாம்.

பழைய உதிரிபாகச் சந்தையில் வெர்னியர் என்னும் நுண் அளவுகோலை எடுத்து நீட்டிய தம்பிக்கு அடுத்த நன்றி. "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று விற்றவர் சொன்ன வீல்களுக்குப் பணம் எடுக்க என் கை பைக்குள் போயிருந்தது. ஐந்து துளை வீலில் ஒரு துளைக்கு நேர் எதிரே இன்னொரு துளை கிடையாது; அதனால் துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டத்தை நேராக அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே அளந்தார் தம்பி. எனக்குத் தேவையான நாலரை அங்குல வட்டத்துக்கு 67 மில்லிமீட்டர் வர வேண்டும். வந்தது 71. செவ்ரோலே காருக்கான நாலே முக்கால் அங்குல வட்டம் அது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது, வெட்கத்தோடு, உடைந்த ஸ்டட்களின், அதாவது சக்கரத்தை நட் போட்டு மாட்டும் மரைத் தண்டுகளின் கதை. முன்பக்க இடது சக்கரத்தின் நட் அசையவில்லை. துரு என்று எண்ணி, ஸ்பேனர் பிடியில் நீளக் குழாயை மாட்டி, உடல் எடை முழுவதையும் போட்டேன். துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். தளர்ந்துவிட்டது என்று மகிழ்ந்து அடுத்ததையும் அப்படியே செய்தேன். இரண்டாவது சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியைச் சுற்றி வந்துவிட்டார். ஹாம்ட்ராம்க்கில் 1980-ல் மூடப்பட்ட டாட்ஜ் மெயின் ஆலையில் வேலை பார்த்தவர் அவர். என் காரின் அடையாள எண்ணில் ஹாம்ட்ராம்க்கைக் குறிக்கும் 'பி' எழுத்தைப் பார்த்த நாளிலிருந்தே அதைத் தன் பேரப்பிள்ளைபோல் விசாரித்துவருபவர். குனிந்தார்; உடையாத ஸ்டட்டின் முனையைக் கட்டைவிரலால் துடைத்தார். துருவுக்கு அடியில் ஓர் 'எல்' தெரிந்தது. இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் முடுக்க வேண்டியது! நான் இத்தனை நேரம் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தேன். ஓட்டத்தில் நட் தானாகத் தளர்ந்துவிடக் கூடாது என்று கிறைஸ்லர் கார்களின் இடப்பக்கத்தில் 1970 மாடல் வரை இந்த ஏற்பாடு இருந்ததாம். பெரியவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. உள்ளே போய் இரண்டு கோப்பை காபியோடு வந்தார். ஐயா, இந்தப் பத்தியை என் மகள் உங்களுக்கு ஆங்கிலத்தில் படித்துக் காட்டுவாள். அந்தக் காபிக்கு நன்றி.

உடைந்த துண்டுகளைச் சுத்தியலால் தட்டி எடுக்கப் போனபோது, மூன்றாவது "வேண்டாம்" லேத் பட்டறைக்காரரிடமிருந்து வந்தது. முன் பிரேக் டிரம்மில் ஸ்டட்டின் கழுத்தை ஆலையிலேயே அடித்து விரித்து, டிரம்மையும் சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதியான ஹப்பையும் அதனால் பிணைத்திருப்பார்கள். விரிந்த அந்த வளையத்தைச் சீவாமல் தட்டினால் ஹப்பின் துளை அகன்று, புது ஸ்டட் பிடிமானமின்றிச் சுற்றும். அவர் அரைமணி நேரம் பொறுமையாகச் சீவினார். வாங்கிய கூலியைச் சொன்னால் கூட்டம் சேர்ந்துவிடும், சொல்லமாட்டேன். இடது மரைகளையெல்லாம் வலது மரையாக மாற்றிவிடலாமே என்று பலர் சொன்னீர்கள். மாற்றவில்லை. அடுத்து டயர் கழற்றுபவரை எச்சரிக்கக் காரின் பின்பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

என் மகளின் நீலக் களிமண்ணுக்கும் நன்றி. 235/60 ஆர் 15 டயர், ஆலையில் வந்த எஃப்70-14 டயரின் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம், 26 அங்குலம். உயரம் சரி, அகலம் உரசுமா? மட்கார்டின் உள் விளிம்பு நெடுகக் களிமண்ணை ஒட்டினோம். ஸ்டியரிங்கை இரண்டு எல்லைக்கும் திருப்பி, நடைபாதை விளிம்பில் ஒரு சக்கரத்தை ஏற்றி இறக்கினோம். களிமண்ணில் கீறல் விழவில்லை, அவளுடைய விரல்ரேகை மட்டும் இருந்தது. அதை இன்னும் துடைக்கவில்லை.

டயர் மாட்டித் தந்த அக்கா, காற்றுத் துப்பாக்கியைத் தொடாமல், நட்களைக் கையால் நட்சத்திர வரிசையில் முடுக்கி, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் 65 அடி-பவுண்டில் நிறுத்தினார். ஐம்பது மைல் ஓடிய பிறகு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். போவேன். வீட்டுக்காரிக்கு நன்றியைத் தனியே, சமையலறையில் நின்று சொல்லிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் கார் ஊர்வலம். பக்கத்து இருக்கை பெரியவருக்கு. பின்னிருக்கையில் இன்னும் இரண்டு பேர் தாராளமாக அமரலாம், முந்துபவர்களுக்கு.

கடைசியாக ஒன்று. என் கராஜில் முக்கால் அங்குல சாக்கெட் ஒன்று கிடக்கிறது, சிவப்பு டேப் சுற்றியது. யாருடையதோ, வந்து எடுத்துக்கொள்ளவும்.

அன்புடன்,
பச்சை சார்ஜர் வீட்டுக்காரன்