அக்காவுக்கு, கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா? "அறுபது தாண்டியாச்சு, சம்பாதிச்சது போதும், வந்துடு" என்று போனில் சொன்னாய். அப்போது எனக்குப் பேச்சே வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சம்பாதித்தவன் வெளிநாட்டிலேயே தங்கிவிடுவான், முடியாதவன்தான் திரும்புவான் என்று ஊரில் நினைக்கிறார்கள். நான் இங்கே பார்ப்பது நேர்மாறு. சொத்து உள்ளவர்கள் பனி விழத் தொடங்கினால் ஊருக்குக் கிளம்பி, அங்கே வெயில் ஏறும்போது திரும்பி வருகிறார்கள். 12 மாதத்தில் 153 நாளாவது எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் இருந்தால்தான் அரசு மருத்துவ அட்டை செல்லும் என்பதால், அதற்கேற்ப டிக்கெட் போடுகிறார்கள்.

இல்லாதவர்கள் பாடுதான் மனசை அறுக்கிறது. எங்கள் கட்டடத்தில் ராசிபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ரொட்டி ஃபேக்டரியிலேயே உழைத்து ஓய்ந்தவர். முதியோர் பென்ஷனோடு, வருமானம் குறைந்தவர்களுக்கான உதவித்தொகையும் வாங்குகிறார். நாட்டை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் போனால் அந்த உதவித்தொகை நின்றுவிடும். ஊரில் அந்தப் பணம் தாராளமாகப் போதும்; ஊருக்கு வந்தால் அந்தப் பணமே வராது. போக வேண்டும் என்று தினமும் சொல்லிக்கொண்டு இங்கேயே கிடக்கிறார்.

நான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன். முதியோர் பென்ஷன் 65 வயதில் வரும். ஊரில் இருந்துகொண்டு அதை வாங்க, 18 வயதுக்கு மேல் கனடாவில் 20 வருஷம் இருந்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் நிறையவில்லை. ஆனால் இந்தியாவும் கனடாவும் செய்த ஒப்பந்தம் ஒன்று 2015 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்தது. சேலத்து மில்லில் பி.எஃப். பென்ஷன் பிடித்த வருஷங்களையும் அந்த 20-இல் கூட்டிக்கொள்ளலாம். தொகை மட்டும் இங்கே இருந்த காலத்துக்குத்தான். 40 வருஷம் இருந்தவருக்கே முழுசு, எனக்குப் பாதிகூட வராது. இங்கே சம்பளத்தில் பிடித்த பென்ஷன் தனி. எங்கே இருந்தாலும் அது வரும். இரண்டும் சேர்ந்தால் அஸ்தம்பட்டியில் ஒரு சின்ன வீட்டில் கௌரவமாக இருக்கலாம். பயமெல்லாம் ஆஸ்பத்திரிதான். இங்கே படுத்தால் பில் கிடையாது. அங்கே ஒரே ஆபரேஷன் சேமிப்பைத் தின்றுவிடும். என் பெண்டாட்டிக்குச் சர்க்கரை வேறு.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வாங்கிப் போடச் சொன்னாரே மாமா, அது முடியாது. கனடாக் குடியுரிமை வாங்கிய பிறகு என்னிடம் இருப்பது, வேறு நாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளிக்காரர்களுக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை. அதை வைத்து வீடு வாங்கலாம். விவசாய நிலமோ எஸ்டேட்டோ வாங்கக் கூடாது. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். அதனால் நாகலூரில் அப்பா விட்டுப்போன தோட்டத்தில் என் பங்கை மட்டும் விற்றுவிடாதே அக்கா. நல்ல விலை வந்தாலும் வேண்டாம். பணமாக வந்தால் இங்கே வாடகையில் கரைந்துவிடும், திரும்ப ஒரு சென்ட் தோட்ட நிலம்கூட என்னால் அங்கே வாங்க முடியாது.

அப்புறம் ஒரு வேலை. மச்சில் இருக்கும் டிரங்குப் பெட்டியில் மில்லின் பி.எஃப். சீட்டுகள் இருக்க வேண்டும். எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வாட்ஸப்பில் யாரையாவது அனுப்பச் சொல். டிசம்பரில் பழம் பறிக்கும்போது இருவரும் வருகிறோம். இரண்டு மாதம் தங்கி, அஸ்தம்பட்டிப் பக்கம் வாடகை என்ன, எங்கள் வயசுக்கு மருத்துவக் காப்பீடு எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் தம்பி