உயரக் கூடாரம் எடுப்பதற்கு முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். பந்தயப் பருவம் நெருங்கினாலே உயரக் கூடாரம், அதாவது மலை உயரத்தில் இருப்பதுபோல் ஆக்சிஜன் குறைந்த காற்றில் இரவு படுப்பதற்கான கூடாரம், கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். "இதில் படுத்தால் சைக்கிளில் வேகம் கூடுமா?" என்பதே எல்லோருடைய கேள்வி. வாடகைக்கு விடுகிற நாங்களே சொல்கிறோம்: சிலருக்குக் கூடும், அதுவும் பொறுமையாகப் பல வாரம் படுத்தால்.

மலையில் காற்றழுத்தம் குறைவதால் மூச்சு வாங்குகிறது. கூடாரம் அழுத்தத்தைத் தொடுவதில்லை, 20.9 சதவீத ஆக்சிஜனைச் சுமார் 15 சதவீதமாக்குகிறது. கிட்டத்தட்ட 2,500 மீட்டர் உயரத்துக்கு இது சமம். இந்தக் குறைவை உணரும் சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தி பெருகுகிறது. அவற்றில் ஆக்சிஜனைத் தசைகளுக்குச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். உடலில் அதன் மொத்த அளவு 100 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் உயரலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இரவுக்கு எட்டு மணி நேரம் என்றால், அந்த 1 சதவீதத்துக்கே இரண்டு வாரம் ஆகும்.

"உயரத்தில் தங்கு, தாழ்வில் பயிற்சி செய்" என்ற முறைக்குப் பெயர் வாங்கித் தந்தது லெவின், ஸ்ட்ரே-கண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 1997-ல் வெளியிட்ட ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் ஓட்டக்காரர்கள். தங்கியது உண்மையான மலையில். செயற்கை உயரத்தைச் சைக்கிள் வீரர்களிடம் சோதித்த 2012 ஆய்வு வேறு கதை சொன்னது. நாளுக்கு 16 மணி நேரம், நான்கு வாரம், 3,000 மீட்டருக்குச் சமமான காற்று. யாருக்கு எந்தக் காற்று என்பது வீரர்களுக்கும் தெரியாது, சோதித்தவர்களுக்கும் தெரியாது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தவர்களைவிட மற்றவர்கள் முன்னேறவில்லை. இதைச் சொன்னால் வியாபாரம் கெடும் என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். கெடட்டும்.

கூடாரத்துக்குள் சைக்கிளை வைத்து மிதிக்க நினைப்பவர்கள் உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் கால் தரும் திறனும் (வாட் அளவு) இறங்கும்; கடும் பயிற்சியை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உயரப் பயிற்சிக்கு என்று சொல்லப்படும், மூச்சை இறுக்கும் முகமூடிகளை நாங்கள் விற்பதில்லை. அவை மூச்சுத் தசைகளைச் சோர வைக்கும், உயரத்தைக் கொண்டுவராது.

எடுப்பதென்று முடிவு செய்தால், முதலில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் இரத்த அளவு) பரிசோதனை செய்யுங்கள். இரும்புச்சத்து குறைந்திருந்தால் சிவப்பணு பெருக வழியில்லை. இதய நோய், ஆஸ்துமா, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். உள்ளே வெப்பமும் கரியமில வாயுவும் சேரும். காற்றுக் குழாயை மடங்க விடாதீர்கள். தூக்கம் கெட்டால் அளவை 2,000 மீட்டருக்கு இறக்குங்கள்.

நான்கு வாரத்துக்குக் குறைவாக வாடகைக்குக் கொடுப்பதில்லை. பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு கேட்டால், இல்லை என்றுதான் சொல்வோம்.

இப்படிக்கு,
கூடார வாடகைப் பிரிவினர்