ஒரே தாள், இரண்டு பெயர்: பிரசவ அறை நெறிமுறைக் குழுக்களுக்குத் திறந்த மடல்

மகப்பேறு மருத்துவமனைகளில் நெறிமுறை வகுக்கும் குழுவினருக்கு, வணக்கம்.

கேஸ் ஷீட்டில் ஒருவர் "கேட்டகிரி 2" என்று எழுதுகிறார். ஷிஃப்ட் மாறி வருபவர் அதே சி.டி.ஜி. தாளை (வயிற்றிலுள்ள குழந்தையின் இதயத் துடிப்பையும் பிரசவ வலியையும் பதியும் தாள்) பார்த்து "சஸ்பிஷியஸ்" என்கிறார். இரண்டும் ஒன்றல்ல. முதல் சொல் தாள்களை மூன்று படிகளாகப் பிரிக்கும் அமெரிக்காவின் 2008 வகைப்பாட்டைச் சேர்ந்தது. மற்றது, சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ 2015-இல் வெளியிட்ட முறையிலும் இருப்பது.

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். பேஸ்லைன் (குழந்தையின் அடிப்படைத் துடிப்பு) நிமிடத்துக்கு 150. வேரியபிலிட்டி, அதாவது அந்தத் துடிப்பின் ஏற்ற இறக்கம், ஒரு மணி நேரமாக 3 அல்லது 4. கடைசி 35 நிமிடங்களில் பாதிக்கும் மேற்பட்ட வலிகளோடு லேட் டிசெலரேஷன் (துடிப்பு வலிக்குப் பின்தங்கி இறங்கி மீள்வது). ஃபிகோ முறையில் இது பேத்தலாஜிக்கல், அதாவது ஆபத்தான நிலை: காரணத்தை உடனே சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் குழந்தையை எடுத்துவிட வேண்டும். அமெரிக்க முறையிலோ, லேட் டிசெலரேஷன் மிக மோசமான படியான கேட்டகிரி 3 ஆவதற்கு வேரியபிலிட்டி அறவே இல்லாமல் போயிருக்க வேண்டும். 3, 4 தெரிகிறதே, ஆகவே கேட்டகிரி 2. வேரியபிலிட்டி நன்றாக இருந்து பேஸ்லைன் மட்டும் 165-க்கு ஏறிய குழந்தைக்கும் அதே கேட்டகிரி 2-தான்! இந்தப் பெயரை மட்டும் எழுதி வைத்தால், எந்தக் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று அடுத்தவருக்கு எப்படித் தெரியும்?

இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கும் முறையும் உண்டு: இந்த அமெரிக்க வகைப்பாட்டுக்கு முந்தைய ஆண்டே, 2007-இல், பேரர், இகேடா என்ற இரு ஆய்வாளர்கள் 134 வகைத் தாள்களைப் பச்சை முதல் சிவப்பு வரை ஐந்து நிறங்களில் அடுக்கினார்கள். நுணுக்கமான வேலை. ஆனால் இரவு மூன்று மணிக்கு அட்டவணை கையில் இல்லாமல் அது நடக்காது.

எந்த முறையானாலும் ஒன்றை மட்டும் தேர்ந்து, அதன் அட்டவணையை ஒவ்வொரு மெஷினிலும் ஒட்டுங்கள். பெயரோடு பேஸ்லைன், வேரியபிலிட்டி, டிசெலரேஷனின் வகை, எத்தனை நிமிடமாக, பத்து நிமிடத்தில் எத்தனை வலி என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

தாளின் வேகத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 1 செ.மீ. ஓடும் தாளில் பழகிய கண்ணுக்கு, 3 செ.மீ. வேகத்தில் அதே வேரியபிலிட்டி குறைந்தது போலத் தெரியும். ஒரே வார்டில் இரண்டு மெஷின் இரண்டு வேகத்தில் ஓடினால் வீண் சிசேரியனும் நேரலாம், ஆபத்தைக் கவனிக்காமல் விடுவதும் நேரலாம்.

தொடக்கத்திலும், தாயின் வயிற்றில் வைக்கும் புரோபை நகர்த்தும்போதும் தாயின் நாடியைப் பிடித்துத் தாளிலேயே குறிக்க வேண்டும். முக்கும் கட்டத்தில் ஒவ்வொரு வலிக்கும் துடிப்பு ஏறினால், அது குழந்தையின் ஆக்சிலரேஷன் என்று நம்பும் முன் மீண்டும் ஒருமுறை நாடி பார்க்கட்டும். மெஷின் தாயின் துடிப்பைப் பிடித்திருக்கலாம்.

இப்படிக்கு,
பிரசவ அறை மருத்துவர்கள், செவிலியர்கள்