முதல் வகுப்பில் என்ன சொல்வது?

அன்புள்ள கயல்,

வரிசைமாற்றக் குலங்களை, அதாவது பொருள்களை வரிசை மாற்றி அடுக்கும் விதங்களைப் பற்றிய கணக்கை, அடுத்த வாரம் நடத்த வேண்டும், எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் பாதியில் அறுந்துபோகும், அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான், கல்லூரிப் பாடம் உனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் முதல் நாளே கரும்பலகையில் நான்கு விதிகளை எழுதி, இதற்குப் பெயர் குலம் என்றால் பின் வரிசைக்காரர்கள் அப்போதே எழுந்து போய்விடுவார்கள்.

நம் ஊரிலிருந்தே தொடங்கு. தண்ணீர் பற்றாத வருஷத்தில் கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள் இல்லையா? யாருக்கு முதல் முறை, யாருக்குக் கடைசி என்று எத்தனை விதமாக வைக்கலாம்? 6. இதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதற்கு அடுத்த கேள்விதான் முக்கியம். காவிரி, வெண்ணாறு, கால்வாய் என்ற வரிசையில் முதல் இரண்டை மாற்றி, அப்புறம் கடைசி இரண்டை மாற்றச் சொல். வெண்ணாறு, கால்வாய், காவிரி என்று வரும். இப்போது கடைசி இரண்டை முதலில் மாற்றிவிட்டு, பிறகு முதல் இரண்டை மாற்றினால்? கால்வாய், காவிரி, வெண்ணாறு. செய்த காரியம் இரண்டும் ஒன்றுதான், செய்த வரிசை வேறு, அதனால் விடையும் வேறு. எண்களைப் பெருக்கியே பழகிய பிள்ளைகளுக்கு இது ஒரு சின்ன அதிர்ச்சி. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் வரையறையை எழுதிவிடு.

ஐந்தாம் படிச் சமன்பாட்டைக் குலங்களை வைத்து ஆராய்ந்த பிரெஞ்சுக் கணக்கர் கல்வா 20 வயதில் துப்பாக்கிச் சண்டையில் செத்த கதையை அன்றைக்குச் சொல்லாதே. 1832-இல் நடந்த அந்தச் சண்டை மட்டும்தான் அவர்களுக்கு நினைவிருக்கும், ஐந்தாம் படிச் சமன்பாடு மறந்துபோகும்.

அடுத்து ஒற்றை, இரட்டை வரிசைமாற்றங்கள். ஒரு வரிசையை இரண்டிரண்டாக இடம் மாற்றிக் கொண்டுவர ஒற்றைப்படைத் தடவை ஆகுமா, இரட்டைப்படைத் தடவை ஆகுமா என்பது எப்படி மாற்றினாலும் மாறாது. அதற்கு வரும்போது திருவிழாக் கடையில் விற்கும் அந்த 15 எண் நகர்த்தும் பிளாஸ்டிக் கட்டத்தை, 16 இடத்தில் ஒன்று காலியாக இருக்குமே அதை, ஒன்று வாங்கிப் போ. 14, 15 இரண்டை மட்டும் இடம் மாற்றி வைத்து, நேராக்கச் சொல். 1880 வாக்கில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்காகத் தூக்கத்தை விட்டவர்கள் ஏராளம். ஆனால் முடியாது என்று ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் 1879-இலேயே நிரூபித்துவிட்டார்கள். ஒவ்வொரு நகர்த்தலும் காலிக் கட்டத்தோடு ஓர் இடமாற்றம். சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளை பூசிப் பார்த்தால், காலிக் கட்டம் நகரும்போதெல்லாம் நிறம் மாறுகிறது. ஆகவே புறப்பட்ட மூலைக்கே அது திரும்பியிருந்தால், நடந்த நகர்த்தல்கள் கட்டாயம் இரட்டைப்படைதான். நாம் கேட்பதோ ஒரே ஓர் இடமாற்றம், ஒற்றைப்படை. இதை நிரூபிக்க எல்லா நகர்த்தல்களையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை பார்! 'என்னால் முடியவில்லை' என்பதற்கும் 'யாராலும் முடியாது' என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

இதெல்லாம் எதற்குப் பயன் என்று ஒருவன் கட்டாயம் கேட்பான். அவனுக்கு ரெயெவ்ஸ்கியைச் சொல். போலந்துக்காரர், கணக்குப் படித்தவர். ஜெர்மானியர் ரகசியச் செய்தி அனுப்பிய எனிக்மா எந்திரத்தின் உள்கம்பி இணைப்புகளை 1932 டிசம்பரில், எந்திரத்தைப் பார்க்காமலே கண்டுபிடித்தவர். பிரெஞ்சு உளவுத்துறை கொடுத்த காகிதங்களும் உதவின, அதை மறைக்க வேண்டாம். ஆனால் பூட்டு திறந்தது வரிசைமாற்றத்தால்தான். அப்போதெல்லாம் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால், எந்திரத்துக்குள் சுழலும் மூன்று சக்கரங்களை எந்த நிலையில் வைப்பது என்று சொல்லும் மூன்றெழுத்துச் சாவியை இரண்டு தடவை அடித்து அனுப்புவார்கள். ஆக முதல் எழுத்தும் நான்காவது எழுத்தும் ஒரே மூல எழுத்திலிருந்து வந்தவை. ஒரு நாளில் போதுமான செய்திகள் கிடைத்தால், முதல் எழுத்திலிருந்து நான்காவதற்குப் போகும் வரிசைமாற்றம் முழுதாக எழுதக் கிடைக்கும். அதை வட்டங்களாகப் பிரித்தார் ரெயெவ்ஸ்கி. ஓர் எழுத்து எந்த எழுத்துக்குப் போகிறது, அது எதற்குப் போகிறது என்று தொடர்ந்து போனால் புறப்பட்ட எழுத்துக்கே வந்து சேரும், அதுதான் ஒரு வட்டம்.

எந்திரத்தின் முன்பக்கத்தில் எழுத்துகளை இரண்டிரண்டாக மாற்றும் பலகை ஒன்று உண்டு. 6 கம்பி செருகினாலே பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விதங்கள். எதிரியைத் திணறடிக்கத்தான் அதை வைத்தார்கள். ஆனால் அந்தப் பலகை வட்டத்துக்குள் இருக்கும் எழுத்துகளின் பெயரைத்தான் மாற்றும், வட்டத்தின் நீளத்தை மாற்றாது. தெருவில் மூன்று பேர் தங்களுக்குள் சுற்றி வீடு மாற்றிக்கொண்டால், அவர்களைப் பட்டப்பெயரால் கூப்பிட்டாலும் மூன்று பேர் சுற்றியது சுற்றியதுதானே! பத்தாயிரம் கோடியும் அங்கேயே அடிபட்டுப்போயிற்று. மிச்சம் இருந்தவை சக்கரங்களின் நிலைகள்தான். ஒரு சக்கரத்துக்கு 26 வீதம் மூன்று சக்கரத்துக்கு 17,576. சக்கரங்களை வைக்கும் வரிசை, மூன்று ஆற்றுக்கு எண்ணிய அதே 6. மொத்தம் 1,05,456. போலந்துக்காரர்கள் அத்தனைக்கும் வட்ட நீளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அட்டை போட்டு வைத்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆன வேலை அது. எனிக்மாவை உடைத்தவர்கள் என்றால் பிரிட்டிஷ்காரர்கள் பெயர்தான் பெரிதாகப் பேசப்படுகிறது. எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

வீட்டுப்பாடத்துக்கு ஒன்று கொடு. 52 சீட்டைச் சரிபாதியாகப் பிரித்து, மேல் சீட்டு மேலேயே நிற்கும்படி ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தால், 8 தடவையில் பழைய வரிசை திரும்பி வந்துவிடும். ஏன் 8? வட்டங்களை எழுதி, அவற்றின் நீளங்களுக்கு மீச்சிறு பொது மடங்கு எடுத்தால் தெரிந்துவிடும். அப்பாவின் சீட்டுக்கட்டில் செய்து பார்த்தேன், சரியாக வந்தது. அவர்தான் கட்டைக் கலைத்துவிட்டாய் என்று கத்தினார்.

குறுவைக்கு நாற்று விட்டாயிற்று. நீ பாடக்குறிப்பு எழுதியதும் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு. அந்த 14, 15 நிரூபணத்தை நீ எப்படி எழுதுகிறாய் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா