மழைநீர்க் குழியின் மூடியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மழைநீர்க் குழியின் சிமெண்ட் மூடியைக் கடப்பாரை விட்டு நெம்பித் திறந்தோம். மாடியில் பெய்யும் மழையை மண்ணுக்குள் இறக்க 2003-ல் வெட்டிய குழி அது, வெட்டிய பிறகு ஒரு நாளும் திறந்ததில்லை. குழாயின் வாய் முழுக்க வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. அதற்குக் கீழே செங்கல் துண்டும் ஜல்லியும் சேறோடு சேர்ந்து கட்டியாக இறுகிப் போயிருந்தது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், அரை மணி நேரம் ஆகியும் அப்படியே நின்றது. எத்தனை வருடமாக இப்படி இருந்ததோ தெரியாது, எங்கள் மொட்டைமாடியில் பெய்த மழையெல்லாம் வாசல் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து கால்வாய்க்கும் ஓடியிருக்கிறது. அதே வருடங்களில்தான் கோடை வந்தால் லாரித் தண்ணீருக்குப் போன் போட்டுவிட்டு வாசலிலேயே காத்துக் கிடந்தோம். நினைத்தால் வயிறு எரிகிறது.

பக்கத்து வீட்டில் சொன்னேன், எதிர்வீட்டில் சொன்னேன், அவர்களும் திறந்தார்கள். இதுவரை எங்கள் தெருவில் ஏழு வீட்டில் பார்த்தாயிற்று. ஒரே ஒரு வீட்டில்தான் தண்ணீர் கீழே இறங்குகிறது, அந்த வீட்டு ஐயா வருடா வருடம் ஆடி முடிந்ததும் ஆள் வைத்துத் தோண்டி, ஜல்லியைக் கழுவி, திரும்பப் போடுகிறவர். உங்கள் பத்திரிகையைப் படிக்கிற எல்லோரும் ஒரு தடவை அவரவர் வீட்டு மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீடு வாங்கி வருகிற இளைய பிள்ளைகளுக்கு 2003 ஞாபகம் இருக்காது. மழை பொய்த்து நகரமே காய்ந்து கிடந்த நேரம். பழைய வீடு, புது வீடு என்று பார்க்காமல் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு இருந்தே ஆக வேண்டும் என்று ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் போட்டது. கெடுவும் சில மாதங்கள்தான், செய்யாவிட்டால் தண்ணீர் இணைப்பைத் துண்டிக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது. மடிப்பாக்கம் அப்போது ஊராட்சி, 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆனாலும் சட்டம் எங்களுக்கும் உண்டு. எங்கள் தெருவுக்கு ஒரு காண்டிராக்டர் வந்தார், ஒரே நாளில் நாலு வீட்டை முடித்தார். இரண்டடிக்கு இரண்டடி குழி, மூன்றடி ஆழம், உடைந்த செங்கல், மேலே மணல், அதற்கு மேல் மூடி. பார்வையிட வந்தவர் மூடியைப் பார்த்தார், நோட்டில் குறித்துக்கொண்டார், போய்விட்டார்.

அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு மாநிலம் முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதில் தமிழ்நாடுதான் முதல். அதற்கு முன்பே, 1990-களில், பெசன்ட் நகர்ப் பக்கம் சேகர் ராகவன் என்பவர் வீடு வீடாக ஏறி இறங்கி மழைநீரைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், 2002-ல் மந்தைவெளியில் இதற்கென்றே ரெயின் சென்டர் தொடங்கினார். 2005-ல் கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு எங்கள் தெருக் கிணறுகளில் குனிந்து மொண்டுகொள்ளலாம் போலத் தண்ணீர் ஏறி நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் வருத்தமெல்லாம் அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றித்தான். குழி இருக்கிறதா என்று கேட்டார்கள், சரி. தண்ணீர் இறங்குகிறதா என்று அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ யாரும் வந்து கேட்கவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

எவ்வளவு தண்ணீர் போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர், ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 93 லிட்டர். சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. தெறித்தது, ஆவியானது, மாடி கழுவ விட்டது என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டாலும் ஒரு வீட்டு மாடியிலிருந்து ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரிக் கணக்கில் எட்டு லாரித் தண்ணீர், ஒரு வீட்டுக்கு. எங்கள் தெருவில் பதினெட்டு வீடு. இந்த மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அதை ஒட்டியும் சில நாள்களிலேயே கொட்டிவிடுகிறது என்பதால், அந்த நாள்களில் குழி அடைத்துக்கொண்டிருந்தால் அந்த வருடமே போயிற்று.

2019 ஜூன் மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வறண்டு தரை பிளந்து கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து. எங்களைப் போன்ற மாடிகள் இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு வருடத்தில் அந்த ஒரு ரயில் தண்ணீரைப் பிடித்துவிடலாமே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை, இப்போதுதான் தோன்றுகிறது.

சரி, திறந்து பார்த்த பிறகு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பழைய குழியை மூடிவிட்டு, செப்டிக் டேங்க்கிலிருந்து நன்றாகத் தள்ளி, வீட்டின் மறுபக்கம் உறை இறக்கினோம், அதாவது குழி தோண்டி சிமெண்ட் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினோம். மூன்றடி அகலம், பதினைந்தடி ஆழம், பக்கத்தில் ஓட்டை வைத்த சிமெண்ட் உறைகள், உறைக்கும் உறைக்கும் நடுவே சிமெண்ட் பூசவில்லை. அடியில் மண்தரை, அதன் மேல் ஓரடிக்கு ஜல்லி, அவ்வளவுதான். உள்ளே மணல் நிரப்பக் கூடாது என்று உறை இறக்க வந்தவரே சொன்னார். மணல் போட்டால் தண்ணீர் நிற்க இடமும் போகும், நாலு மழையில் வண்டல் சேர்ந்து அடைத்தும் கொள்ளும். கீழடியில் தோண்டியெடுத்த சுடுமண் உறைகிணறுகளின் படத்தை அவரிடம் காட்டினேன், ஒரு நிமிடம் பார்த்துவிட்டு "இதே வேலைதாம்மா" என்றார்.

எல்லா இடத்துக்கும் இதே அளவு பொருந்தாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோர மணலில் ஆழம் குறைந்தாலும் தண்ணீர் குடுகுடுவென்று இறங்கிவிடும். எங்களுக்கு மேலே களிமண், அதைத் தாண்டினால்தான் தண்ணீர் போகும். மூன்றடிக் குழி களிமண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டதால்தான் அது முதல் வருடத்திலிருந்தே சரியாக வேலை செய்திருக்காது என்று நினைக்கிறேன். வீட்டில் தூர்ந்த பழைய கிணறு இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், குப்பை போட்டு மூடிவிடாதீர்கள், தூர் வாரி மாடித் தண்ணீரை அதில் விடுங்கள். பல வருடம் மூடியிருந்த கிணற்றிலோ குழியிலோ ஆளை மட்டும் சட்டென்று இறக்கிவிடாதீர்கள், உள்ளே விஷவாயு இருக்கலாம், உயிர் போகிற விஷயம்.

இன்னொன்று, எங்களைப் போலத் தாழ்வான பகுதியில் இருப்பவர்களுக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் நின்ற தண்ணீர் சாக்கடையோடு கலந்து கிணறுகளுக்குள் இறங்கியது, அப்புறம் பல நாள் மோட்டார் போடவே பயம். அதனால் இந்தத் தடவை உறையின் வாயைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்திக் கட்டிவிட்டோம். மாடித் தண்ணீர் மட்டும்தான் உள்ளே போகும், தெருத் தண்ணீருக்கு வழியில்லை.

மாடித் தண்ணீர் முழுவதையும் மண்ணுக்கே விட வேண்டும் என்பதில்லை. ஒரு குழாயை வடிகட்டி வழியாகச் சம்ப்புக்கு, அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பினோம். முதல் மழை மாடியில் கிடக்கும் புறா எச்சத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வரும், அதை வெளியே விட ஒரு வால்வு. இது எனக்குப் புதிதில்லை. நான் பிறந்தது காரைக்குடிப் பக்கம், முற்றம் வைத்த வீடு. முதல் மழைக்கு அப்பத்தா அண்டாவை நகர்த்தவே விட மாட்டார்கள், "ஓடு கழுவட்டும்டி" என்பார்கள். ஓடு கழுவிய பிறகு பெய்கிற மழைக்குத்தான் நாலு மூலைக்கும் அண்டாவும் குண்டானும் போகும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகிற வேகமே வேறு.

அந்த வீட்டில் கிணற்றடியில் துவைத்த தண்ணீரும் பாத்திரம் தேய்த்த தண்ணீரும் வாய்க்கால் வழியே வாழைக்குத்தான் போகும். சாக்கடை என்று தனியாக ஒன்று இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. இன்றைக்குக் குளித்த தண்ணீர், கைகழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எல்லாவற்றையும் கழிவறைத் தண்ணீரோடு ஒரே குழாயில் சேர்த்து அனுப்பிவிட்டு, கழிவறையில் ஊற்ற நல்ல தண்ணீரை எடுக்கிறோம். பழைய ஃபிளஷ் தொட்டி ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் இழுக்கும், லாரிக்குக் காசு கொடுத்து வாங்கிய பத்து லிட்டர்.

எங்கள் வாஷிங் மெஷின் ஒரு தடவை துவைக்க நூறு லிட்டருக்கு மேல் எடுக்கிறது. சோப்பு நுரையோடு வரும் முதல் தண்ணீரை விட்டுவிட்டு, அலசி வரும் தண்ணீரை மட்டும் ஒரு டிரம்மில் பிடிக்கிறோம். அது கழிவறைக்கும் வாசல் கழுவவும் போதும், மிச்சமும் ஆகிறது. குளியலறைத் தண்ணீரைத் தோட்டத்துப் பக்கம் திருப்பி, ஜல்லியும் மணலும் போட்ட ஒரு பாத்தியில் கல்வாழையும் சேம்பும் வைத்திருக்கிறோம். இரண்டும் ஈரத்தில் நன்றாக வளரும், வேர்ப்பகுதியில் இருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். சமையலறைத் தண்ணீரை இதில் சேர்க்கவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு பாத்தியை அடைத்துவிடும். பிடித்த தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் வைப்பதும் இல்லை, நாற்றம் எடுக்கும், கொசு வரும். கீரைக்கும் பச்சையாகச் சாப்பிடுகிற எதற்கும் இதை ஊற்றுவதில்லை. இவ்வளவையும் கவனித்தால் போதும், பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைத் தனியாகப் பிடித்துத் தரை துடைக்கிறோம், அது உப்பு என்பதால் செடிக்கு ஊற்றுவதில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிற என் தங்கை, "உனக்குத் தோட்டம் இருக்கு, நீ சொல்லுவே" என்கிறாள். அவள் சொல்வது நியாயம். கட்டி முடித்த அடுக்குமாடியில் குளியலறைக் குழாயைத் தனியாகப் பிரிப்பது பெரிய பாடு, சுவரை உடைக்க வேண்டும். கட்டும்போதே பிரித்துவிட்டால் கூடுதலாக ஒரு குழாய்ச் செலவுதான். கட்டுநர்கள் நீச்சல்குளத்தையும் ஜிம்மையும் விளம்பரத்தில் போடுகிறார்கள், இதைப் போட்டுப் பார்த்ததில்லை, வாங்கப் போகிறவர்களாவது கேளுங்கள். மழைநீர்க் குழியைத் திறந்து பார்ப்பதற்கு அடுக்குமாடியில் எந்தத் தடையும் இல்லை, சங்கத்தில் ஒருவர் கேட்டால் போதும். என் தங்கை கேட்டிருக்கிறாள், அவர்கள் குடியிருப்பில் குழி எங்கே இருக்கிறது என்று காவலாளிக்கும் தெரியவில்லை, செயலாளருக்கும் தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மாநகராட்சிக்கும் குடிநீர் வாரியத்துக்கும் என் கோரிக்கை ஒன்றுதான். வருடா வருடம் புரட்டாசியில் வார்டுக்கு வார்டு ஆள் அனுப்புங்கள். வருகிறவர் மூடியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போக வேண்டாம், கையில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி உள்ளே ஊற்றி, இறங்குகிறதா என்று நின்று பார்த்துவிட்டுப் போகட்டும். அபராதம் போடுவதற்கு முன்னால், உறை இறக்கத் தெரிந்தவர்கள் அந்தந்தப் பகுதியில் யார் யார் என்று ஒரு பட்டியல் கொடுங்கள், எங்களுக்கு ஆள் கிடைக்கவே இரண்டு மாதம் ஆனது. உங்கள் பத்திரிகையும் தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் நிறைய வீட்டில் மூடி திறக்கும்.

ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எங்கள் தெருவில் மீதி இருக்கும் பதினொரு வீட்டையும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் திறக்கிறோம். பக்கத்துத் தெருக்காரர்கள் வேண்டுமானால் எங்கள் வீட்டுக் கடப்பாரையை வாங்கிக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை - 91