டோவரில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

டோவரில் பார்க்க ஒன்றும் இல்லை, கடைத்தெருவில் பாதிக் கடை பூட்டிக் கிடக்கிறது, லீவு நாள் என்றால் லண்டனுக்கு ரயில் ஏறுவதுதான் வழி என்று நீ சொன்னதாக அம்மா சொன்னார். கடைத்தெருவைப் பற்றிச் சொன்னது சரிதான் பிள்ளை. நான் அங்கே பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்த காலத்திலேயே அப்படித்தான். கப்பலுக்கு வருகிற சனம் பெற்றோல் அடித்துவிட்டு நேரே துறைமுகத்துக்குள் போய்விடும், ஊரைத் திரும்பியும் பார்க்காது. ஆனால் டோவரில் நல்லதெல்லாம் ஊரைச் சுற்றி, மேட்டிலும் கடலோரத்திலும் இருக்கிறது. அதில் பெரும்பங்குக்குக் காசும் கேட்பதில்லை. டெலிபோனில் சொன்னால் "சரி அப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் கிழக்குப் பக்கம் போ. துறைமுகத்துக்கு மேலே லாங்டன் மேட்டில், பழைய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் இடம் இருக்கிறது. காரை விட்டால்தான் கட்டணம், நடந்து போனால் இல்லை. அங்கிருந்து மலை விளிம்பை ஒட்டி சவுத் ஃபோர்லாண்ட் வெளிச்சவீடு வரை மூன்று கிலோமீட்டர் அளவு பாதை. கீழே பிரான்ஸ் கப்பல்கள் வரிசையாக லாரிகளை ஏற்றிக்கொண்டு நிற்கும். வானம் தெளிந்திருந்தால் 33 கிலோமீட்டருக்கு அப்பால் பிரான்ஸ் கரையும் தெரியும்.

அந்த வெள்ளை மலை 110 மீட்டர் வரை உயரம். கண்ணுக்குத் தெரியாத கடற்பாசிகளின் ஓடுகள் டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்து படிந்து இறுகிய சுண்ணாம்பு. அலை மலையின் அடியை அரித்து, மேல்பாகம் இடிந்து விழுவதால்தான் அது வெள்ளையாகவே இருக்கிறது. கடல் தொடாத இடத்தில் புல் முளைத்துப் பச்சையாகிவிடும். ஆகவே கவனம். வேலி கிடையாது. மழைக்கும் உறைபனிக்கும் பிறகு பாறை பிளந்து விழும். போன் படத்துக்காக விளிம்பில் போய் நிற்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நீ அந்தக் கூட்டத்தில் சேராதே. புல்வெளியில் எக்ஸ்மூர் மட்டக்குதிரைகள் மேய்ந்தால் பயப்படத் தேவையில்லை. அவை புல்லைக் கட்டையாக வைத்திருப்பதால்தான் சின்னப் பூக்களுக்கு வெயில் கிடைக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் போனால் அந்தப் பூக்களுக்கு நீல வண்ணத்துப்பூச்சிகள் வந்திருக்கும்.

இப்போது இருக்கும் வெளிச்சவீடு 1843இல் கட்டியது. அதற்கு எதிரே குட்வின் மணல் திட்டு, எத்தனையோ கப்பல்களை விழுங்கியது. அதனால் புதிய விளக்கு எது வந்தாலும் முதலில் இங்கேதான் சோதித்தார்கள் போலிருக்கிறது. 1858இல் விஞ்ஞானி ஃபாரடேயின் மேற்பார்வையில் மின்சார விளக்கு எரிந்தது. 1898 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மார்க்கோனி இங்கிருந்து கடலில் நின்ற ஒரு விளக்குக் கப்பலோடு கம்பியில்லாத் தந்தியில் செய்தி பரிமாறினார். 1988இல் விளக்கை அணைத்துவிட்டார்கள். உள்ளே போக விரும்பினால் எந்த நாட்களில் திறக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போ.

இன்னும் கொஞ்சம் இறங்கினால் சென்ட் மார்கரெட்ஸ் குடா. அங்கே உன் போன் பிரான்ஸ் சிக்னலைப் பிடித்து நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிடும். வேலை நாளில் போனால் அதை நம்பிப் பதறாதே, ரோமிங்கையும் அணைத்து வை.

பிரான்ஸுக்கும் டோவருக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாயை நீந்த வருகிறவர்கள் கோடையில் டோவர் துறைமுகக் கடற்கரையில்தான் பழகுவார்கள். கேப்டன் வெப் 1875இல் 21 மணி 45 நிமிடம் நீந்திக் கடந்த முதல் ஆள்; அவருக்குக் கடற்கரை வீதியில் சிலை இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நம் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனைத்தான் நினைப்பேன். 1971இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குப் பாக்கு நீரிணையை நீந்திப் போய், நீந்தியே திரும்பியவர். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் அங்கேயே உயிர் விட்டார். பாக்கு நீரிணையின் சூடு அந்தத் தண்ணீரில் இல்லை. கோடையிலும் குளிர் எலும்பைப் பிடிக்கும். நீ கால் நனைத்தால் போதும்.

எனக்குப் பிடித்த இடம் மேற்கே இருக்கும் சம்ஃபயர் ஹோ. நான் வேலை செய்த காலத்தில் அது சுரங்க மண் கொட்டும் இடம். பிரான்ஸுக்குக் கடலடியில் ரயில் சுரங்கம் தோண்டியபோது வந்த சுண்ணாம்பு மண், 49 லட்சம் கன மீட்டர், எங்கே போடுவது என்று பார்த்து, மலையடியில் கடலுக்குள் சுவர் கட்டி உள்ளே நிரப்பினார்கள். 30 ஹெக்டேர் புது நிலம்! காட்டுப்பூ விதை தூவினார்கள், ஆடு மேயவிட்டார்கள், 1997இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இப்போது ஏப்ரல், மே மாதங்களில் சிலந்தி ஆர்க்கிட் பூக்கிறது. இங்கிலாந்திலேயே அபூர்வமான பூ, குப்பை மண்ணில். உயரம் சில அங்குலம்தான், குனிந்து தேட வேண்டும்.

காரில் போனால் மலையைக் குடைந்த ஒற்றை வழிச் சுரங்கத்தில் சிக்னலுக்குக் காத்திருந்து இறங்க வேண்டும். உன்னிடம் கார் இல்லை, ஷேக்ஸ்பியர் முகட்டின் மேல் நடந்தே போகலாம். காற்று பலமாக இருந்தால் அலை கடற்சுவரின் மேலால் அடிக்கும், அப்போது சுவர்ப்பாதையை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் மூடியதுதான், ஓரமாகப் போய்ப் பார்க்கலாமா என்று நினைக்காதே.

வெஸ்டர்ன் ஹைட்ஸ் கோட்டை அகழிகளை ஒரு மாலையில் சுற்றி முடிக்கலாம். நெப்போலியன் வந்துவிடுவான் என்ற பயத்தில் கட்டியது. அங்கே ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் மூன்று படிக்கட்டுகள் உண்டு. அதிகாரிகளுக்கு ஒன்று, சார்ஜன்ட்டுகளுக்கு ஒன்று, சாதாரணச் சிப்பாய்க்கு ஒன்று என்று பிரித்திருந்ததாகச் சொல்வார்கள். சண்டைக்குத் துறைமுகத்துக்கு இறங்கி ஓடுவதிலும் அந்தஸ்து! சில நாட்களில் மட்டும் திறப்பார்கள்.

ஊருக்கு மேலே இருக்கும் டோவர் கோட்டை மாளிகைக்கு டிக்கெட் விலை அதிகம். அதை அம்மா வரும்போது வைத்துக்கொள்.

அம்மா அடுத்த கோடைக்கு வருவதாகத்தான் இருக்கிறார். முழங்கால் நோவோடு வெளிச்சவீட்டுப் பாதையில் கூட்டிப் போகாதே. ரயிலில் அடுத்த நிறுத்தம் கியர்ஸ்னி; அங்கே டூர் ஆற்றங்கரையில் பூங்கா இருக்கிறது, சமதரை, குளத்தில் அன்னங்கள். பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டு போ. அதற்கு முன் நீ நல்ல பிடிப்புள்ள சப்பாத்து ஒன்று வாங்கு, சுண்ணாம்புப் பாதை நனைந்தால் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். காசு அனுப்பட்டுமா என்று எழுது.

அன்புடன்,
அப்பா